ஒரு பை வித்தா எவ்வளவு போகுது? நல்ல காரியத்தோட பேர்ல ஃபேஷன் விக்கிற பிராண்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெண் குழந்தைங்க படிப்பு, புற்றுநோய், தண்ணி, பசின்னு டேக்ல எழுதி துணியும் பையும் செருப்பும் விக்கிற பிராண்டுகளோட மார்க்கெட்டிங் பொறுப்புல இருக்கறவங்களுக்கு, அதுலயும் குறிப்பா போன வாரம் எனக்கு ரெண்டு வரியில பதில் அனுப்பின கம்பெனிக்கு,

"நன்கொடை விவரங்கள் நிறுவனத்தின் உள் தகவல், வெளியில் பகிர இயலாது. உங்கள் அக்கறைக்கு நன்றி." இதுதான் நீங்க அனுப்பின பதில். மூணு மெயில் போட்டு, ரெண்டு தடவை கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி, ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து கதையைச் சொல்லி, கடைசில கிடைச்சது இது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உங்க கடையில தொங்குற அந்த கேன்வாஸ் தோள்பை ஒண்ணு வித்தா, டேக்ல போட்டிருக்கற பெண் குழந்தைங்க படிப்புக்கு எவ்வளவு போகுது? கம்பெனியோட லாபம், சம்பளப் பட்டியல், டிசைன் ரகசியம் எதையும் நான் கேக்கல. நீங்களே பொதுவுல, கொட்டை எழுத்துல, வாங்கறவங்க கண்ணுல படற மாதிரி சொன்ன ஒரு வாக்குறுதியோட அளவு என்னன்னு மட்டும்தான் கேட்டேன். அது எப்படிங்க உள் தகவல் ஆகும்? வாக்குறுதி வெளியில, அளவு உள்ளயா? இதை என்னால சும்மா விட முடியல, அதான் இந்த மடல்.

உங்க பேரை நான் இங்க எழுதல. எழுதினா இது ஒரு கம்பெனியோட தப்புன்னு முடிஞ்சு போயிடும், உங்களை மாதிரியே டேக் மாட்டுற மத்த எல்லாரும் தப்பிச்சுக்குவாங்க. ஆனா படிச்சா உங்களுக்கு நீங்கதான்னு தெரியும்.

அந்த டேக் இப்ப என் மேஜை மேல இருக்கு. தடிமனான பழுப்பு கலர் அட்டை, மேல ஓட்டை போட்டு பருத்தி நூல் கோத்திருக்கு. முன்பக்கம் ஒரு பொண்ணு ஜன்னல் ஓரமா நின்னு வெளிய பாக்குற போட்டோ, வெளுத்துப் போன சட்டை, இடது தோள்ல தையல் விட்டு திரும்ப தைச்ச அடையாளம் கூட தெரியுது, அவ்வளவு நல்ல கேமரா. கீழ "இந்தப் பை ஒரு கனவைச் சுமக்கிறது"ன்னு வாசகம். பின்பக்கம் துவைக்கிற முறைக்கும் பார்கோடுக்கும் நடுவுல பொடி எழுத்துல, "வருமானத்தில் ஒரு பகுதி பெண் குழந்தைகளின் கல்விக்கு". அவ்வளவுதான். எந்த அமைப்புக்கு, எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், எவ்வளவு, ஒண்ணும் கிடையாது.

ஒரு பகுதின்னா என்னங்க? விக்கிற விலையில ஒரு பகுதியா, லாபத்துல ஒரு பகுதியா, இல்ல விளம்பரச் செலவு, மாடலுக்குக் குடுத்தது, கடை வாடகை எல்லாத்தையும் கழிச்சிட்டு ஏதாவது மிஞ்சினா அதுல ஒரு பகுதியா? நூத்துல ஒண்ணும் ஒரு பகுதிதான், நூத்துல அம்பதும் ஒரு பகுதிதான். சீசன் முடிஞ்சு அதே பையை பாதி விலைக்கு தள்ளுபடில போட்டீங்க, அப்பவும் இதே டேக்தான் தொங்கிட்டு இருந்துச்சு, அப்ப போற பங்கும் பாதியாச்சா? பிடிக்கலன்னு ஒருத்தர் திருப்பிக் குடுத்தா கணக்கு என்ன ஆகுது? இதெல்லாம் உங்க கூட்டத்துல யாராவது ஒருத்தர் கேட்டிருக்கணும், யாரும் கேக்கலன்னுதான் எனக்குத் தோணுது.

இவ்வளவு ஏன் துருவித் துருவி கேக்கறேன்னா, டேக்ல இருக்கற பொண்ணை எனக்குத் தெரியும். அந்த போட்டோ எடுத்த அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன்.

ஒரு சின்ன ட்ரஸ்ட் நடத்துற மாலை வகுப்புல வாரத்துல மூணு நாள் கணக்கு சொல்லிக் குடுக்கறேன், ஆறு வருஷமா. உங்க ஆளுங்க போட்டோ எடுக்க வர்றாங்கன்னு முதல் நாளே சொல்லியிருந்ததால புள்ளைங்க எல்லாம் இருக்கறதுலயே நல்ல டிரெஸ்ஸா பாத்துப் போட்டுட்டு வந்திருந்தாங்க. இவ ஆறாவது படிக்கிறா. சித்தி வாங்கிக் குடுத்த நீல கவுன், ஒரே ஒரு விசேஷத்துக்குப் போட்டது, இஸ்திரி போட்டு மடிப்பு கூட கலையாம வந்து உக்காந்தா, தலை சீவினது சரியா இருக்கான்னு என்கிட்ட ரெண்டு தடவை கேட்டா. உங்க போட்டோகிராபர் ரெண்டு மூணு கிளிக் எடுத்தார். அப்புறம் கூட வந்த பொண்ணு ஸ்க்ரீனைப் பாத்துட்டு, ரொம்ப அன்பாதான், கோபமா எல்லாம் இல்ல, "இது கொஞ்சம் பளிச்சுனு இருக்குமா, வீட்ல சாதாரணமா போடறது எதாவது இருக்கா?"ன்னு கேட்டாங்க. அவ என்னைப் பாத்தா. நான் தலையாட்டினேன். வீட்டுக்கு ஓடிப்போய் மாத்திட்டு வந்தா, தோள்ல தையல் விட்ட சட்டையை. ஜன்னல் ஓரமா நிக்க வச்சு, சிரிக்காத, வெளிய பாருன்னு சொல்லி எடுத்தீங்க.

அன்னைக்கு நான் தடுத்திருக்கணும். தடுக்கல. கன்சென்ட் ஃபார்ம்ல அம்மாக்கள்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்ததும் நான்தான், அதுவும் அவங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில இருந்த ஃபார்ம், நாலு பக்கம், நீங்க அவசரப்படுத்தினதால "போட்டோ எடுக்கறதுக்குத்தான்"னு ஒரே வரியில சொல்லி வாங்கினேன். "எந்த ஊடகத்திலும், எந்தக் காலத்திலும், எந்த வணிக நோக்கத்துக்கும்"னு அதுல இருந்ததை அப்புறம்தான் நிதானமா படிச்சேன். அந்தப் பொறுப்பு எனக்கும் இருக்கு, அதனாலதான் இதை நான் எழுதறேன், ட்ரஸ்ட் எழுதல. ட்ரஸ்டால எழுத முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். சின்ன அமைப்புங்க எல்லாம் அடுத்த வருஷமாவது ஏதாவது வரும்னு வாயை மூடிட்டுத்தான் இருக்கும், வேற வழி இல்ல அவங்களுக்கு.

சரி, எங்களுக்கு என்ன வந்துச்சு? ரெண்டு அட்டைப்பெட்டி நோட்டு வந்துச்சு, ஒவ்வொரு அட்டையிலயும் உங்க லோகோ. வாசல்ல மாட்ட ஒரு போர்டு வந்துச்சு. ஆளுயரத்துக்கு ஒரு அட்டை செக்கைப் பிடிச்சு போட்டோ எடுத்தீங்க, அதுல எழுதியிருந்த தொகை ரெண்டு தவணையா வரும்னு சொன்னீங்க, முதல் தவணை வந்துச்சு, ரெண்டாவதுக்கு "கேம்பெயின் எதிர்பார்த்த அளவு போகல"ன்னு பதில் வந்துச்சு. போட்டோவுல முழுத் தொகை எழுதின செக்தான் இருக்கு. அந்தப் போட்டோ இன்னும் உங்க பேஜ்ல இருக்கு.

எங்களுக்கு உண்மையில என்ன வேணும்னு ஷூட்டுக்கு முன்னாடி ஒரு தடவை பேச்சு வந்துச்சு, அதையும் சொல்லிடறேன். எங்க இடத்துல கழிப்பறைக் கதவுக்கு தாழ்ப்பாள் கிடையாது, தண்ணியும் சரியா ஏறாது. வயசுக்கு வந்ததுக்கப்புறம் பெரிய பொண்ணுங்க ஒவ்வொருத்தரா வர்றதை நிறுத்திடறாங்க, கேட்டா வீட்ல வேலைன்னு சொல்லுவாங்க, காரணம் அது இல்லன்னு எங்களுக்கும் தெரியும் அவங்களுக்கும் தெரியும். சயின்ஸ் எடுத்த டீச்சருக்கு நாலு மாசமா சம்பளம் குடுக்க முடியாம அவங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க. இந்த ரெண்டையும் சொன்னோம். உங்க ஆளு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, "சம்பளம், ரிப்பேர் எல்லாம் எங்க கேம்பெயின்ல வராது மேடம், ஸ்டோரியா சொல்ற மாதிரி ஏதாவது வேணும்". பெண் குழந்தை படிப்புன்னா அதுல முக்கால்வாசி டீச்சர் சம்பளமும் கதவுத் தாழ்ப்பாளும்தாங்க. அது போட்டோவுல அழகா வராதுன்னா அதுக்கு அந்தப் புள்ளைங்க என்ன பண்ணுவாங்க?

போன மாசம் வகுப்புக்கு வந்த ஒரு காலேஜ் பொண்ணு தோள்ல உங்க பை. புதுசு, டேக்கைக் கூட கழட்டாம வந்திருந்தா. போட்டோவுல இருக்கற நம்ம பொண்ணு அதைப் பாத்துட்டா. டேக்கைக் கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்தா, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் என்கிட்ட வந்து, "அக்கா, அந்த நீல கவுன்லயே எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"ன்னு கேட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அந்த டேக்கைத்தான் கேட்டு வாங்கிட்டு வந்து வச்சிருக்கேன்.

இது உங்க ஒரு கம்பெனியில ஆரம்பிச்ச கதை இல்லன்னு தெரியும். இந்த ஒரு மாசமா தேடித் தேடிப் படிச்சேன், படிக்கப் படிக்க எனக்கு வருத்தம்தான் ஜாஸ்தியாச்சு.

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகக் குத்திக்கற பிங்க் ரிப்பன் எல்லாருக்கும் தெரியும். அது முதல்ல பிங்க்கே கிடையாது. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல சார்லட் ஹேலின்னு 68 வயசு அம்மா, அவங்க குடும்பத்துலயே மார்பகப் புற்றுநோய் பாத்தவங்க, 1990-கள் ஆரம்பத்துல வீட்டு சாப்பாட்டு மேஜையில உக்காந்து பீச் பழ நிறத்துல ரிப்பனை வெட்டி வளைச்சு, அஞ்சு அஞ்சா ஒரு அட்டையில குத்தி ஊர் ஊரா அனுப்பினாங்க. அந்த அட்டையில ஒரு கணக்கு எழுதியிருந்தாங்க. தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோட வருஷ பட்ஜெட் 180 கோடி டாலர், அதுல தடுப்புக்குப் போறது வெறும் 5 சதவீதம், சட்டம் போடறவங்களை முழிக்க வைக்க இந்த ரிப்பனைக் குத்திக்கோங்கன்னு. 1992-ல செல்ஃப் பத்திரிகையும் எஸ்டே லாடர் அழகுசாதனக் கம்பெனியும் அந்த ரிப்பனைத் தங்களுக்குக் கேட்டாங்க. இது வியாபாரமா போயிடும்னு அந்தம்மா குடுக்க மாட்டேன்னுட்டாங்க. உடனே பத்திரிகைத் தரப்புல வக்கீல்களைக் கேட்டு, வேற கலர் வச்சுக்கலாம்னு சொன்னதும் பிங்க்கை எடுத்துக்கிட்டாங்க. ரிப்பன் உலகம் முழுக்கப் போச்சு, டீஷர்ட், ஷூ, கைக்கடிகாரம், உதட்டுச்சாயம்னு ஒண்ணையும் விடல. அந்தம்மா அட்டையில எழுதின கணக்கு மட்டும் கூடப் போகல. நோயைப் பத்திப் பேச்சு பரவுச்சு, பல பேர் டெஸ்ட் எடுத்துக்கிட்டாங்க, அதை நான் மறுக்கல. ஆனா எவ்வளவு, எதுக்குப் போகுதுன்னு கேக்கறதுக்காகவே பிறந்த ஒரு ரிப்பன், கடைசியில எவ்வளவு போகுதுன்னு யாருமே கேக்காத ஒரு பொருளா ஆயிடுச்சு. என் மேஜையில இருக்கற டேக்கைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தம்மா ஞாபகம்தான் வருது.

2002-லேயே பிரெஸ்ட் கேன்சர் ஆக்ஷன்னு ஒரு அமைப்பு, பிங்க் பொருளை வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்கன்னு ஒரு பிரச்சாரமே ஆரம்பிச்சாங்க. எவ்வளவு போகுது, யாருக்குப் போகுது, உச்சவரம்பு இருக்கான்னு கேளுங்கன்னு சொன்னாங்க. உச்சவரம்புன்னா என்னன்னு எனக்கு இப்பதான் புரிஞ்சுச்சு. 2010-ல ரீபாக் பிங்க் ரிப்பன் போட்ட ஷூவும் துணியும் வித்தப்ப, எத்தனை வித்தாலும் நன்கொடை மொத்தம் 7,50,000 டாலர்தான்னு எல்லை வச்சிருந்தாங்க. அந்த எல்லையைத் தொட்டதுக்கு அடுத்த நாள் ஒருத்தர் கடைக்குப் போய் அந்த ஷூவை வாங்கினா அவர் காசுல ஒரு பைசா கூட கூடுதலா போகாது, ஆனா ரிப்பன் அப்படியே இருக்கும், அவரும் உதவி பண்ணிட்டோம்னு நினைச்சுட்டு வீட்டுக்குப் போவாரு. எல்லையைத் தொட்டாச்சா இல்லையான்னு கடையில நிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

2006-ல பாடகர் போனோவும் பாபி ஷ்ரைவருங்கறவரும் எய்ட்ஸுக்கு நிதி திரட்ட ஆரம்பிச்ச ரெட்ங்கற கேம்பெயினை எடுத்துக்கோங்க, சிவப்பு டீஷர்ட், சிவப்பு போன், சிவப்பு ஷூ. அடுத்த வருஷமே அட்வர்டைசிங் ஏஜ் பத்திரிகை, விளம்பரத்துக்கு 10 கோடி டாலர் வரைக்கும் செலவாயிருக்கும், திரட்டினது 1.8 கோடி டாலர்தான்னு எழுதுச்சு. அந்தக் கணக்கு தப்புன்னு ரெட் தரப்புல மறுத்தாங்க. நியாயமா சொல்லணும்னா, அதுக்கப்புறம் வருஷக்கணக்குல அவங்க எய்ட்ஸுக்காக குளோபல் ஃபண்டுங்கற உலக நிதி அமைப்புக்கு 50 கோடி டாலருக்கு மேல திரட்டிக் குடுத்திருக்காங்க, அந்தக் காசுல மருந்து கிடைச்சு உயிரோட இருக்கறவங்க இருக்காங்க, நான் அதைச் சின்னதா பேச மாட்டேன். எனக்கு இதுல முக்கியமா படறது என்னன்னா, காசு யாருக்குப் போகுதுன்னு அவங்க பேர் சொல்லிச் சொல்றாங்க, மொத்தம் எவ்வளவுன்னு சொல்றாங்க. அதனாலதான் வெளியில இருக்கறவங்களால ஒரு கேள்வியாவது கேக்க முடிஞ்சது. உங்க டேக்ல கேள்வி கேக்கறதுக்குக் கூட ஒரு எண் கிடையாது.

தொகையைப் போட்டா மட்டும் எல்லாம் சரியாயிடும்னும் நான் நினைக்கல. 2019 ஜனவரியில பிரிட்டன்ல ஸ்பைஸ் கேர்ள்ஸ் பேர்ல ஒரு டீஷர்ட் வந்துச்சு, விலை 19.40 பவுண்டு, அதுல 11.60 பவுண்டு பெண்களோட சமத்துவத்துக்காக காமிக் ரிலீஃப் அமைப்புக்கு. பாருங்க, எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க, பாதிக்கு மேல போகுது. ஆனா அதைத் தைச்ச வங்கதேச ஃபேக்டரில பெண்களுக்கு மணிக்கு 35 பென்ஸ்தான் கூலின்னு கார்டியன் பத்திரிகை வெளியில கொண்டு வந்துச்சு. எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு பாட்டுக் குழுவும் அமைப்பும் அதிர்ச்சி ஆனாங்க, நான் அதை நம்பறேன். நிஜமாவே தெரியாமத்தான் இருந்திருக்கும். யாரும் பின்னாடி போய்ப் பாக்கல. பெண் சமத்துவத்துக்காக ஒரு சட்டை, அதைத் தைக்கிற பொண்ணோட கூலியைக் கேக்க ஒருத்தருக்கும் தோணல. உங்க பையைத் தைச்சது யாரு, அவங்களுக்கு என்ன குடுக்கறீங்க? தைக்கிற அம்மாவுக்கு ஒழுங்கா கூலி குடுத்தா அவங்க பொண்ணு படிப்பை அவங்களே பாத்துக்குவாங்க, அதுக்கு டேக்கும் வேண்டாம் போட்டோகிராபரும் வேண்டாம்.

டாம்ஸ் செருப்புக் கம்பெனி கதையைச் சொல்றது உங்களைக் குத்திக் காட்டறதுக்கு இல்ல, உங்களுக்கு ஒரு முன்மாதிரியா இருக்கும்னுதான். ஒரு ஜோடி வாங்கினா ஒரு ஜோடி ஒரு ஏழைக் குழந்தைக்குன்னு 2006-ல ஆரம்பிச்சாங்க. அப்புறம் அவங்களே ஒத்துழைச்சு, எல் சால்வடார்ல புரூஸ் வைடிக்ங்கற பொருளாதாரப் பேராசிரியர் குழு ஆராய்ச்சி பண்ணி பாத்துச்சு. இலவச செருப்பு கிடைச்ச புள்ளைங்க வாழ்க்கையில பெருசா ஒரு மாற்றமும் தெரியல, போதாததுக்கு "எங்க குடும்பத்துக்குத் தேவையானதை மத்தவங்க குடுக்கணும்"னு சொன்ன புள்ளைங்க செருப்பு கிடைச்சவங்கள்ல 79 சதவீதம், கிடைக்காதவங்கள்ல 66 சதவீதம். கம்பெனிக்குப் பிடிக்காத முடிவுதான், ஆனா அது வெளியில வந்துச்சு, மறைக்கல. 2019-ல அந்த ஒண்ணுக்கு ஒண்ணு முறையை விட்டுட்டு லாபத்துல மூணுல ஒரு பங்கு குடுக்கறோம்னு மாத்தினாங்க. பாருங்க, மூணுல ஒரு பங்கு. அதைச் சொன்னதால அவங்க கம்பெனி ரகசியம் எதுவும் போயிடல.

"எதோ கொஞ்சமாவது போகுதே, இது இல்லன்னா அதுவும் போகாதே"ன்னு நீங்க சொல்லுவீங்க. கஸ்டமர் கேர் தம்பி கூட போன்ல இதையேதான் சொன்னார், பாவம், அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. என் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு அக்கா மூணு வருஷமா மாசாமாசம் எங்க வகுப்புக்கு ஒரு தொகை குடுத்துட்டு வந்தாங்க, பெரிய தொகை இல்ல, ஆனா மாசம் தவறாது. இந்த வருஷம் கேட்டப்ப, "நான்தான் அந்தப் பையை வாங்கினேனேப்பா, அது உங்க புள்ளைங்களுக்குத்தானே போகுது?"ன்னாங்க. அவங்க மனசுல ஒரு கெட்டதும் கிடையாது, குடுத்தாச்சுன்னே நினைக்கறாங்க. நான் கணக்கு வாத்தியார், எனக்கு இதைக் கூட்டிக் கழிக்கத் தெரியும். அவங்க நேரடியா குடுத்தது நின்னு போச்சு, பையிலேர்ந்து வந்தது எவ்வளவுன்னு தெரியல. அப்ப எங்களுக்கு வரவா செலவா? மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஆராதனா கிருஷ்ணாங்கறவங்க 2011-ல வெளியிட்ட ஆய்வுலயும் இதேதான் இருக்கு, நல்ல காரியத்தோட சேர்த்து விக்கிற பொருளை வாங்கினவங்க அதுக்கப்புறம் நேரடியா குடுக்கற நன்கொடை குறையுதுன்னு. அதனால கொஞ்சமாவது போகுதேன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு சொல்லுங்க, அப்பதான் அது லாபமா நஷ்டமான்னே பேச முடியும்.

இது உலகத்துல யாரும் கேக்காத விஷயமும் இல்ல. பிரிட்டன்ல 1992 அறக்கட்டளைச் சட்டப்படியே, தர்மத்துக்குன்னு சொல்லி ஒரு வியாபாரி பொருள் வித்தா எந்த அமைப்புக்கு, எவ்வளவுன்னு சொல்லியாகணும். அமெரிக்காவுல தர்ம அமைப்புகளை எடை போட்டுப் பாக்கற, பெட்டர் பிசினஸ் பீரோவோட வைஸ் கிவிங் அலையன்ஸ் வச்சிருக்கற தர விதியில, விலையில எவ்வளவு பங்கு, எத்தனை நாளைக்கு, குறைஞ்சபட்சம் அதிகபட்சம் இருந்தா அது என்னன்னு தெளிவா போடணும்னு இருக்கு. அங்கெல்லாம் டேக்ல இடம் இருக்கு, உங்க டேக்ல மட்டும் இடம் இல்லையா? "கனவைச் சுமக்கிறது"ங்கற வரி எடுத்துக்கிட்ட இடத்துல பாதி போதும்.

இனி நான் கேக்கறதைச் சொல்லிடறேன், தெளிவாவே சொல்றேன்.

ஒரு பைக்கு எவ்வளவுன்னு எண்ணுல போடுங்க, முன்பக்கம், போட்டோ இருக்கற பக்கத்துலயே. லாபத்துல ஒரு பங்குன்னு சொல்லாதீங்க, லாபம்னா என்னன்னு நீங்கதான் முடிவு பண்றீங்க, எங்களுக்கு அது தெரியாது, விக்கிற விலையில இவ்வளவுன்னு போடுங்க. தள்ளுபடில வித்தாலும் அந்தத் தொகை குறையக் கூடாது. யாருக்குப் போகுதோ அந்த அமைப்போட பேர், எந்த தேதி வரைக்கும், எல்லை வச்சிருந்தா அந்த எல்லை, இதெல்லாம் அதே அட்டையில வரணும், எல்லையைத் தொட்ட அன்னைக்கே கடையில இருக்கற டேக்கை எல்லாம் கழட்டிடணும். சீசன் முடிஞ்ச மூணு மாசத்துக்குள்ள எத்தனை வித்துச்சு, எவ்வளவு அனுப்பினீங்க, விளம்பரத்துக்கு எவ்வளவு ஆச்சுன்னு போடுங்க, வாங்கின அமைப்பு ஆமா வந்துச்சுன்னு எழுதின கடிதத்தோட. அட்டை செக்கைப் பிடிச்ச போட்டோவுக்குப் பதிலா அதைப் போடுங்க.

ஒரு அமைப்புகிட்ட போகும்போது என்ன ஸ்டோரி கிடைக்கும்னு பாக்கறதுக்கு முன்னாடி என்ன தேவைன்னு கேளுங்க, அது டீச்சர் சம்பளமா இருந்தாலும், வாடகையா இருந்தாலும், தாழ்ப்பாளா இருந்தாலும் அதுக்குக் குடுங்க. சொன்ன தொகையைக் கேம்பெயின் ஓடினாலும் ஓடாட்டியும் குடுங்க, ஏன்னா அந்தப் புள்ளைங்க அவங்க பங்கைச் செஞ்சு முடிச்சாச்சு, ஜன்னல் ஓரமா நின்னாச்சு. எங்களுக்கு வர வேண்டிய ரெண்டாவது தவணையையும் அனுப்பி வைங்க. பையைத் தைக்கிறவங்க யாரு, எந்த யூனிட், கூலி என்னன்னு சொல்லுங்க.

போட்டோ எடுக்கறதா இருந்தா அவங்க வீட்ல பேசுற மொழியில ஃபார்ம் குடுங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு உக்காந்து படிச்சுக் காட்டுங்க, இது கடையில விக்கிற பொருள் மேல வரப் போகுதுன்னு வாயால சொல்லுங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளைகிட்டயும் வீட்லயும் காட்டுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க, குடுத்த சம்மதத்தை எப்ப வேணும்னாலும் திருப்பி வாங்கிக்க வழி வைங்க. அவங்க போட்டுட்டு வந்த டிரெஸ்ஸை மாத்தச் சொல்லாதீங்க.

இந்தப் பொண்ணோட அம்மா கைப்பட ஒரு கடிதம் குடுத்திருக்காங்க, அவ போட்டோவை இனிமே எதுலயும் போட வேண்டாம்னு. இந்த முறை எல்லாத்தையும் அவங்களுக்கு ஒழுங்கா படிச்சுக் காட்டித்தான் வாங்கினேன். அந்தக் கடிதத்தோட ஸ்கேன் நான் அனுப்பின மூணாவது மெயில்ல இருக்கும், பாருங்க. அடுத்து அச்சடிக்கிற டேக்ல, உங்க பேஜ்ல, கடை வாசல் பேனர்ல எங்கயும் அவ இருக்கக் கூடாது. இதுக்கும், ஒரு பைக்கு எவ்வளவுங்கற கேள்விக்கும் முப்பது நாளுக்குள்ள எழுத்துல பதில் வேணும். வரலன்னா நுகர்வோர் அமைப்புகிட்டயும், விளம்பரங்களை விசாரிக்கிற அமைப்புகிட்டயும் டேக்கோட போய் முறையா புகார் குடுப்பேன், அதுக்கான காகிதம் எல்லாம் எடுத்து வச்சாச்சு.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. டிரெஸ் மாத்தறதுக்கு முன்னாடி உங்க போட்டோகிராபர் ரெண்டு மூணு கிளிக் எடுத்தார்னு சொன்னேன் இல்லையா, அது அவர்கிட்ட எங்கயாவது இருக்கும், அழிச்சிருக்க மாட்டார்னு நம்பறேன். நீல கவுன்ல நேரா கேமராவைப் பாத்து சிரிச்சிட்டு இருப்பா. அதை பிரிண்ட் போட்டு, லோகோ எதுவும் இல்லாம, ட்ரஸ்ட் விலாசத்துக்கு அனுப்பி வைங்க. அவகிட்ட குடுக்கணும்.

இப்படிக்கு,
மாலை வகுப்புல கணக்கு எடுக்கறவள்